கோணல் காட்டுக்குச் சொட்டு நீர்: குழாய்க்கு ஐந்துக்கு நாலு மார்க், வரைபடத்துக்கு ஒன்றரை

உடுமலைப் பக்கம் எங்கள் காடு, அதாவது பயிர் செய்கிற நிலம், இரண்டரை ஏக்கர். மேற்கே ஓடை வளைந்து போகிறது, கிழக்கே ஊர்ச் சாலை சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது, மிச்சம் இருப்பது ஆட்டுத் தொடை மாதிரி மேலே அகலமாகவும் கீழே வாலாகவும் ஒரு நிலம். வாய்க்கால் பாசனத்தில் வாலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் போய்விடும். சரி, சிறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் இருக்கிறதே என்று சிட்டா, அடங்கல், நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படம் எல்லாம் கொடுத்து மக்காச்சோளத்துக்குச் சொட்டு நீர் போட்டேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை.

குழாயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 16 எம்எம் இன்லைன் லேட்ரல், அதாவது சொட்டுவானை உள்ளேயே பதித்து பயிர் வரிசையோடு ஓடும் சின்னக் குழாய், 40 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 2 லிட்டர். லேட்ரலுக்கு லேட்ரல் 1.2 மீட்டர், ஒரு லேட்ரலுக்கு இரண்டு வரிசைச் சோளம். எலி கடித்த நாலைந்து இடம் தவிர ஒரு சீசன் முழுக்க ஒழுகவில்லை.

வம்பு வரைபடத்தில்தான். காட்டுக்குள் இறங்கி டேப் பிடிக்காமல் புலப்படத்தை மேசையில் விரித்து வைத்தே ஒரு பகுதிக்கு ஒரு வால்வு என்று மூன்று வால்வாகப் பிரித்துவிட்டார்கள். மேல் வால்வுக்கு ஒன்றேகால் ஏக்கர், நடுவுக்கு 90 சென்ட், வாலுக்கு 35 சென்ட். போட்டு முடித்த அன்று எனக்கு இதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை, தண்ணீர் சொட்டியது, போட்டோ எடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன்.

மேல் வால்வில், லேட்ரல்களுக்குத் தண்ணீரைப் பிரித்துவிடும் குழாயான சப்மெயினை ஒரு ஓரத்தில் வைத்து லேட்ரலை ஒரே இழுப்பாக 110 மீட்டர் ஓட்டியிருந்தார்கள். சப்மெயின் பக்கம் ஜோராகச் சொட்டும், கடைசியில் மண் ஈரமாவதே பெரிய பாடு. வால் வால்வைத் திறந்தாலோ நேர் எதிர். 5 எச்பி மோட்டார் தள்ளுகிற தண்ணீரை 35 சென்ட் எப்படிக் குடிக்கும்? லேட்ரல் ஒவ்வொன்றாக சப்மெயினிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாம்பு மாதிரி துள்ளும். பைபாஸைத் திறந்து பாதித் தண்ணீரைக் கிணற்றுக்கே திருப்பி விட்டால்தான் அடங்கும்.

உரத்தில் பட்ட அடி இன்னும் மோசம், அதில் என் முட்டாள்தனமும் பாதி உண்டு. யூரியா மூட்டை 45 கிலோ, வால்வு மூன்று, ஆகவே வால்வுக்கு 15 கிலோ என்று, உரக் கரைசலை உறிஞ்சிப் பாசனத் தண்ணீரில் கலக்கும் வெஞ்சுரியில் விட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மேலே ஏக்கருக்கு 12 கிலோ, வாலில் ஏக்கருக்கு 43 கிலோ. வாலில் பயிர் கருகருவென்று ஆள் உயரத்துக்கு எழுந்து ஒரு காற்றுக்குச் சாய்ந்தது, மேலே இலை வெளுத்து நின்றது. நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்கு வேறு போய் வந்தேன்.

கம்பெனி ஆளுக்குப் போன் போட்டால் "அழுத்தத்தைச் செட் பண்ணுங்க சார்" என்பதோடு சரி. கடைசியில் பக்கத்து ஊர் ஃபிட்டர் அண்ணன் ஒருத்தர் வந்து வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "ஏனுங்க, இவங்க காட்டப் பாத்துப் போட்டாங்களா, பேப்பரப் பாத்துப் போட்டாங்களா?" என்றார். அறுவடை முடிந்ததும் மேல் சப்மெயினைத் தோண்டி நடுவில் போட்டு, இரண்டு பக்கமும் 55 மீட்டராக லேட்ரலைப் பிரித்தார். நீளம் பாதியானால் அழுத்த இழப்பும் பாதியாகும் என்றுதான் நான் நினைத்தேன். அது ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுமாம், ஏனென்றால் ஒவ்வொரு லேட்ரலிலும் ஓடுகிற தண்ணீரும் பாதியாகிறது. அப்புறம் நடு வால்வையும் வால் வால்வையும் எப்போதும் ஒன்றாகவே திறக்கச் சொன்னார். 90ம் 35ம் ஒன்றேகால் ஏக்கர், மேலேயும் ஒன்றேகால். முடிந்தது. இப்போது மூட்டையைச் சரிபாதியாகப் போட்டால் போதும்.

வெஞ்சுரி பற்றியும் ஒரு வார்த்தை. உறிஞ்சவில்லை என்று அதைத் திட்டாதீர்கள், இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசம் இருந்தால்தான் அது இழுக்கும், நடுவில் உள்ள கேட் வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். உரம் விடும்போது முதலில் வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர். டிஏபி உரத்தைக் கரைத்து விட்டு ஒரு முறை ஃபில்டரை அடைத்துக்கொண்டேன், அதை அடியுரமாகவே போட்டுவிடுங்கள்.

இந்த மாற்றத்துக்குப் பைப்பும் கூலியுமாகக் கையிலிருந்து ஒன்பதாயிரம் போனது. மானியத்தில் வந்த பொருளுக்கு இது தண்டம்தான், ஆனாலும் இந்தப் போகத்தில் மேலும் கீழும் பயிர் ஒரே உயரத்தில் நிற்கிறது. வாலின் கடைசி ஏழெட்டு மீட்டரில் மட்டும் டிராக்டர் திரும்பும்போது லேட்ரலை நசுக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தை அகத்திக்கு விட்டுவிட்டேன், ஆடாவது தின்னட்டும்.