அப்பாவின் மாருதிக்குப் புது பிளக், புது ஒயர்

டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போனால் நான் வாடகைக் கார் எடுப்பதில்லை. தாம்பரம் வீட்டில் அப்பாவின் 1998 மாடல் மாருதி 800 இன்னும் ஓடுகிறது, ஆர்.சி.யும் புதுப்பித்து வைத்திருக்கிறார். இந்த மார்கழியில் காலை வேளையில் மட்டும் வண்டி மிஸ்ஸிங் அடித்தது, அதாவது எஞ்சின் சீராக ஓடாமல் விட்டுவிட்டு இழுத்தது. வெயில் ஏறினால் சரியாகிவிடும்.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "கார்பரேட்டர் வண்டியா சார்? அதுக்கு இப்ப ஆள் இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். காபி நன்றாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும், அப்பா வழக்கமாகப் போகும் மெக்கானிக்கின் ஷெட். அவர் எஞ்சினை ஓடவிட்டு, பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். இரண்டைக் கழற்றியபோது எஞ்சின் திணறியது. நடு ஒயரை எடுத்தபோது ஒரு மாற்றமும் இல்லை. "இந்த சிலிண்டர் சும்மா கிடக்கு தம்பி" என்றார். அப்புறம் ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, உள்ளே இருட்டாக இருக்கப் பானெட்டைப் பாதி இறக்கிப் பார்க்கச் சொன்னார். நீலப் பொறி பறந்தது. ரப்பர் வெடித்துப் போனதால், ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே எஞ்சின் மேல் தாவுகிறது. பனிக்காலைத் தொல்லைக்குக் காரணம் அதுதான்.

அந்த நடு சிலிண்டரின் பிளக் கறுத்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. மற்ற இரண்டும் பிஸ்கட் நிறம், அதாவது நல்ல நிலை. உப்புத்தாளில் தேய்த்தால் ஓடும் என்றார் மெக்கானிக் அண்ணன். பிளக் விற்கிற விலைக்கு அந்தச் சிக்கனம் எதற்கு? மூன்றையும் மாற்றச் சொன்னேன்.

சாமான் வாங்க, சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்கே போகச் சொன்னார், பக்கத்துக் கடைகளில் டூப்ளிகேட் கலந்துவிடுகிறதாம். அங்கே கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே "ஒரிஜினலா, லோக்கலா?" என்பதுதான். ஒளிவு மறைவே இல்லை! என்.ஜி.கே. பிளக் மூன்றும், நான்கு ஒயர் கொண்ட செட்டும் வாங்கினேன். நான்காவது, உயர் அழுத்த மின்சாரம் தரும் காயிலிலிருந்து, அதை பிளக்குகளுக்கு முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருவது.

திரும்பி வந்ததும், எஞ்சின் ஆறட்டும் என்று டீ குடிக்க அனுப்பினார். ஹெட் அலுமினியம், சூட்டில் பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். கேஜ் வைத்து பிளக் முனையில் பொறி தாவும் இடைவெளி பார்த்து, விரலாலேயே முழுக்க ஏற்றி, கடைசியில் ஸ்பானரால் அரைச் சுற்று. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எல்லாம் அவரிடம் கிடையாது. ஒயரை ஒவ்வொன்றாகத்தான் மாற்றினார். மொத்தமாகப் பிடுங்கினால், சிலிண்டர்களுக்குப் பொறி போகும் 1-3-2 என்ற வரிசை குழம்பிவிடும்.

கூலி 300 ரூபாய். டொராண்டோவில் ஒரு மணி நேரக் கூலியே 100 டாலருக்கு மேல். ஆனால் இங்கே பில் கேட்டால் சிரிப்புதான் பதில். பிளக் டப்பா மேல் தேதியும் கிலோமீட்டரும் எழுதிக் கொடுத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலும் கீறல் விழ ஆரம்பித்திருக்கிறது, அடுத்த மழைக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.