பாதியில் நின்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டை விற்பது: கடற்காற்றில் எது தாங்கியது, எது கைவிட்டது

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மெட்ராஸ் கார். 1961-லிருந்து 1971 வரை இங்கேதான் தயாரானது. கழற்றிப் போட்டு, டிங்கரிங் பாதியில் நின்று, ஆண்டுக்கணக்கில் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஷெட்டில் கிடந்த வண்டியை விற்க எடுக்கும்போது எந்த ஏற்பாடு நிலைத்தது, எது பாழானது என்பதுதான் இந்தப் பகிர்வு. பியட், அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் டப்பாக்கள். வாங்க வருபவர் பேரத்தைத் தொடங்குவதே அங்கேதான். கழற்றிய போல்ட்டு நட்டை ஜிப் பையில் போட்டு மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுவதுதான் எல்லோரும் செய்வது. நம் ஊர் ஈரப்பதத்தில் அந்த டேப்பின் பசை ஒரு வருடம் தாங்குவதே அதிகம். டேப் உதிர்ந்துவிடும், மார்க்கர் எழுத்து வெளுத்துவிடும். பையை இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து போல்ட்டுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அட்டைப்பெட்டி கரையானுக்குப் போட்ட விருந்து. நிலைத்தது வேறு: காலி குளிர்பான டின்னை வெட்டி, அந்தத் தகட்டில் ஆணியால் கீறி எழுதி, கட்டுக்கம்பியால் உதிரியோடு கட்டிவிடுவது. போல்ட்டுகளை எஞ்சின் ஆயிலில் முக்கி எடுத்து, 20 லிட்டர் பெயின்ட் வாளியில் மூடி போட்டு வைத்தால் போதும். ஒரு வாளிக்கு ஒரு பகுதி: முன் சஸ்பென்ஷன், டோர், டேஷ்போர்டு என்று. வாளிக்குள் என்ன இருக்கிறது என்ற பட்டியலை மூடியின் உள்பக்கம் எழுதுங்கள், வெளியில் எழுதினால் அழியும்.

ஹெரால்டில் தொலைந்தால் தலைவலி தரும் பொருள் ஒன்று உண்டு: பாடிக்கும் சேசிஸுக்கும் (அடிச்சட்டம்) நடுவே வரும் பேக்கிங் தகடுகள். இந்தக் காருக்குத் தனி சேசிஸ். முன் பகுதி, பின் பகுதி என்று பாடி துண்டு துண்டாக அதன் மேல் போல்ட்டில் உட்காரும். பானெட்டும் இரண்டு முன் ஃபெண்டரும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். எந்த இடத்தில் எத்தனை தகடு இருந்தது என்பது தெரியாவிட்டால் டோர் மூடாது, பானெட் இடிக்கும். வாங்குபவர் விவரம் தெரிந்தவர் என்றால் இதைத்தான் முதலில் கேட்பார். இடம்வாரியாக எண்ணித் தனியாகக் கட்டி வையுங்கள்.

இனி தகரம். கடலிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஷெட்டில் பெயின்ட் உரித்த தகரம் சில நாளிலேயே மஞ்சள் பூக்கும். அதைத் தடுக்கப் பெயின்டுக்கு அடியில் அடிக்கும் சாம்பல் நிற சர்ஃபேஸரை அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். சர்ஃபேஸர் துளையுள்ள பூச்சு. உப்பும் ஈரமும் அதன் வழியே இறங்கும். மேலே ஒன்றும் தெரியாமல் அடியில் துரு பரவி, பிறகு கொப்புளமாக எழும். காற்றையும் நீரையும் நிறுத்துவது இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர்தான். அதிலும் ஒரு கண்ணி உண்டு. துரு எடுக்கப் பூசும் அமிலத்தைச் சரியாகக் கழுவாமல் அதன் மேல் எபாக்சி அடித்தால் தோல் உரிவதுபோல உரிந்து வரும். கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே அடிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது மேல்.

தார்ப்பாய் மோசம். வண்டியை ஒட்டிப் போர்த்தினால் விடியற்காலை அதனடியில் நீர் கோக்கும். கூரை இருந்தால் பருத்தித் துணி போதும்.

விற்பதற்கு முன் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்குவது வீண் செலவு என்பது என் கருத்து. புதுப் பெயின்டைப் பார்த்ததும் அடியில் எத்தனை கிலோ பட்டி என்றுதான் வாங்குபவருக்குத் தோன்றும், பட்டி மேல் ஒட்டாத காந்தத்தை எடுத்துவிடுவார். எபாக்சியோடு நின்ற பாடி நம்பிக்கை தரும், வெல்டிங் போட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பெயின்டுக்கு வைத்திருந்த பணத்தில் வேறு இரண்டு வேலை செய்யலாம்.

ஒன்று, வண்டியை உருளும் நிலைக்குக் கொண்டுவருவது. நான்கு சக்கரம், திரும்பும் ஸ்டியரிங், பிடிக்கும் ஹேண்ட்பிரேக். இது இருந்தால் நான்கு பேர் சாய்தள லாரியில் ஏற்றிவிடலாம். இல்லையென்றால் கிரேன், அதன் வாடகையும் உங்கள் விலையில்தான் கழியும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவதால் நின்ற வண்டியின் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகிவிடும். சக்கரம் சுற்றாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், டிரம்மைச் சுத்தியால் அடித்து உடைக்க வேண்டாம்.

இரண்டு, பாடியைச் சேசிஸ் மேல் உலர்வாகப் பொருத்திக் காட்டுவது. ரப்பர் பீடிங், கண்ணாடி எதுவும் வேண்டாம். டோர்களை மாட்டி, பானெட்டை மூடி, இடைவெளியைப் புகைப்படம் எடுத்தால் போதும். பக்கவாட்டில் நீளும் சேசிஸ் கைகள்தான் ஹெரால்டில் முதலில் துருவேறி விழுபவை. பாடியை மேலே வைத்து அளவு பார்க்காமல் அவற்றை வெல்டிங் செய்திருந்தால் பாடி கோணலாக நிற்கும். உலர்வாகப் பொருத்திய படம் ஒன்று, அப்படி நடக்கவில்லை என்பதற்கு நேரடிச் சான்று.

முன் சஸ்பென்ஷனின் அடியில் இருக்கும் டிரனியனை (சக்கரம் திரும்பும்போது அசையும் அடி மூட்டு) பற்றி விளம்பரத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். அதற்குப் போடவேண்டியது இபி 90 கியர் ஆயில். நம் மெக்கானிக்குகள் பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காது, தண்ணீர் தங்கி, செங்குத்துத் தண்டு அரித்து, திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கும். கழற்றி அரிப்பைப் பார்த்த வண்டி என்றால் அந்தத் தண்டின் படத்தையும் சேருங்கள்.

எஞ்சின் விஷயத்தில் ‘கண்டிஷன் நல்லா இருக்கு’ என்பது யாரும் நம்பாத வாக்கியம். 948 சிசி எஞ்சினுக்குக் கையால் காட்டக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, முன்னால் உள்ள கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இருக்கவேண்டிய அசைவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்கு. வாஷர் கீழே விழுந்த பிறகும் ஓட்டியிருந்தால் கிராங்க்கும் பிளாக்கும் சேர்ந்து போயிருக்கும். சிலிண்டரைக் குடைந்து போர் அடித்திருந்தால் லேத் கடைச் சீட்டையும் பிஸ்டன் அளவு எண்ணையும் கொடுங்கள். இறுகிப்போன எஞ்சினை இறுகியது என்றே சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட்டர் போட்டு இழுத்தால் பிஸ்டன் ரிங் உடையும். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே இரண்டு கரண்டி ஆயில் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கலாம். பெட்ரோல் டேங்க்கைக் காலி செய்யுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து டேங்க்கின் அடியைத் தின்னும்.

காகிதம்தான் பேரத்தை முறிக்கும் இடம். ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தாலும் அந்த எண் அரசின் ‘வாகன்’ பதிவுத் தளத்தில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவை ஏற்றச் சொல்லி மனு கொடுப்பது விற்பவரின் வேலை. வாங்குபவர் தலையில் கட்டினால் விலை விழும். ஆர்.சி. தொலைந்திருந்தால் படிவம் 26. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றோடு படிவம் 31. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால் படிவம் 28. பழைய கடன் பதிவு ஆர்.சி.யில் இருந்தால் படிவம் 35 இல்லாமல் எதுவும் நகராது. சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளும், எஞ்சின் எண்ணின் படமும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று வாங்குபவர் கேட்பதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள்.

2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதியைச் சொல்லியே விலை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். ஹெரால்ட் எல்லாமே கடந்துவிட்டது. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. வேறு கம்பெனி எஞ்சின் ஏற்றிய வண்டிக்கு அந்தக் கதவு மூடியதுதான். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான்.

விலை. செலவழித்த பில்லைக் கூட்டி அதைக் கேட்பவர் வண்டியோடு கிழவராவார். டிங்கரிங் கூலியை யாரும் திருப்பித் தருவதில்லை; எண்ணிப் பார்க்கக்கூடிய உதிரிகளுக்குத்தான் பணம். வருபவர்களில் காயலான் கடைக்காரர் எடை போடுவார், அவரை விடுங்கள். கவனிக்க வேண்டியவர் உதிரி வேட்டைக்காரர். ‘மீட்டர் மட்டும் குடுங்கண்ணா, கிரில்லு மட்டும் குடுங்கண்ணா’ என்று நல்ல விலையே சொல்வார். கொடுத்த மறுநாள் உங்களிடம் இருப்பது முழு வண்டி அல்ல. எஞ்சின், பிரேக், டிரனியன் சாமான்களை இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுக்கானதாக வரவழைத்துவிடலாம். நான்கு கதவு மார்க் 3 இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின் கதவுகளுக்கும் கண்ணாடிக்கும் அங்கே ஆள் இல்லை. புதுப்பேட்டை பழைய உதிரிச் சந்தையிலும் அதிர்ஷ்டம் இருந்தால்தான். மார்க் 3 வைத்திருப்பவர் பின் கதவுகளைத் தனித்து விற்கவே கூடாது.

பணம் 2 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது, வங்கி வழியே வரட்டும். வண்டியை ஏற்றும் நேரத்தையும் முன்கூட்டிப் பேசுங்கள். திருவொற்றியூர் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் ஏற்றும் லாரி தெருவுக்குள் திரும்பாது. அதிகாலையில் முடித்துவிடுவது நல்லது. நாள், நேரம், சேசிஸ் எண், ‘ஓடாத நிலையில், உதிரிகளோடு’ என்ற சொற்கள், இருவர் கையெழுத்து எல்லாம் உள்ள ஒப்படைப்புச் சீட்டு எழுதி, வாளிப் பட்டியலை அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். விற்ற தகவல் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குப் போய்விட வேண்டும். பெயர் மாறும்வரை அந்தச் சீட்டின் நகல் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.