கொழிஞ்சாம்பாறையில் அப்பாவின் நிலத்தை எங்கள் பேருக்கு மாற்றிய கதை

சிங்கப்பூரிலிருந்து லீவில் போய் நிலத்தைப் பேர் மாற்றிவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள், அதுவும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துக்காரர்கள், இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். பொள்ளாச்சிச் சொந்தங்கள் சொல்லும் பட்டா, சிட்டா எல்லாம் எல்லை தாண்டினால் உதவாது. கேரளத்தில் ஆதாரம் (பதிவுப் பத்திரம்), போக்குவரவு (வருவாய்க் கணக்கில் பேர் மாற்றம்), கரம் (நிலவரி) கட்டின ரசீது இவைதான் பேச்சு.

அப்பா தவறிய பிறகும் கரம் அவர் பேரிலேயே கட்டி வந்தோம். ரசீது இருக்கிறதே, நிலம் நம்முடையதுதானே என்று அக்கா நிம்மதியாக இருந்தார். ஆனால் ரசீது காட்டுவது வரி கட்டியதை மட்டும்தான். வருவாய்க் கணக்கில் பேர் ஏறுவதாலேயே உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. கைவசச் சான்று நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று சொல்லும். வில்லங்கச் சான்றில் நாம் கேட்ட வருடங்களில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். உரிமைக்கு ஆதாரம்தான் அடிப்படை. அதைப் பத்திரமாக வைத்திருந்த அப்பாவுக்குக் கோடி நன்றி.

அதிக நாள் எடுப்பது வாரிசுச் சான்று. தாசில்தார் தருவதற்கு முன்னால் அரசிதழில் அறிவிப்பு வரும். ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். மூன்று வார லீவில் இது முடியவே முடியாது. நல்லவேளை, ஊரிலிருக்கும் அக்கா அக்ஷயா என்ற இணையச் சேவை மையம் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தார்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது பெயர்தான். ஆதாரத்தில் அப்பா பேருக்கு முன்னால் வீட்டுப்பேர், ரசீதில் வெறும் இனிஷியல், என் பாஸ்போர்ட்டிலோ அவர் பேர் முழுசாக என் பேரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒருவரே என்று எப்படி நிரூபிப்பது? அதற்கும் ஒரு சான்று உண்டு. ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட் என்பார்கள், வில்லேஜ் ஆபீசர் தருவார். அந்த அம்மா மூன்று காகிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார். அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

மனுவைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன், மறுக்காமல் வாங்கினார்கள். அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே (1969) தருகிறது. நம்மவர்கள் கூச்சப்படாமல் இதைப் பயன்படுத்த வேண்டும்.

போக்குவரவு முடிந்து எங்கள் பேரில் கரம் கட்டியாயிற்று. அடுத்தது பாகம், அதாவது நிலத்தைப் பங்கு பிரிப்பது. அதற்கு அக்கா பேரில் பவர் பத்திரம் எழுதப்போகிறேன். அதைச் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.