பெட்ரோல் வாடைக்கு 18,600 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், பழைய கார் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. 18,600 ரூபாய். என் சம்பளத்தில் பாதிக்கு மேல். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் கார் 2006 மாடல், பெட்ரோல். ஒரு மாதமாக டேங்க் ஃபுல் பண்ணினால் உள்ளே வாடை. வளைவில் திரும்பும்போது குப்பென்று அடிக்கும். பாதி டேங்குக்குக் கீழே இறங்கினால் வாடையே இருக்காது. பின் சீட்டில் உட்காரும் மகள் தலைவலி என்று சொல்ல ஆரம்பித்ததும் பயந்துபோய், வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போகும் ஆப் சர்வீஸ் ஒன்றில் புக் செய்தேன். வந்த பையனிடம் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மறுநாள் அட்வைசர் போன் செய்தார். "சார், ஃப்யூவல் பம்ப் போயிடுச்சு. பின் சீட்டுக்குக் கீழதான் இருக்கு, மேல் மூடியில கசியுது. பாப்பா உக்கார்ற இடத்துக்கு நேர் கீழ சார். எங்க வீட்டு வண்டின்னா ஒரு நாள்கூட ஓட்ட மாட்டேன்." கூடவே துருப்பிடித்த ஒரு பம்ப்பின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. பாப்பா என்று அவர் சொன்ன அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். மூடியின் கேஸ்கட், அதாவது கசியாமல் அடைக்கும் வளையம், போனாலும் ஃபுல் டேங்கில் வாடை வரும் என்பதால் சந்தேகமும் வரவில்லை. பம்ப், கேஸ்கட், இன்ஜெக்டர் கிளீனிங், லேபர் எல்லாம் சேர்த்து 18,600 ரூபாய், உடனே அனுப்பினேன்.

வண்டி கால் டேங்கோடு வந்தது. வாடை இல்லை, எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை ஃபுல் பண்ணினேன், முதல் வளைவிலேயே அதே வாடை.

போன் செய்தால், "புது பம்ப் சார், செட் ஆகட்டும்." ஒரு வாரம் கழித்து, "பழைய வண்டி சார், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்." அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஆப்பில் புகார் போட்டால் அரை மணி நேரத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிடுகிறார்கள்.

நேற்று எங்கள் தெருமுனை மெக்கானிக் பாயிடம் போனேன். பின் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்தார். பெட்ரோல் ஊற்றும் குழாயையும் டேங்கையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டு, ஈரத்தில் புழுதி அப்பிக் கறுப்பாக இருந்தது. ஃபுல் பண்ணினால் பெட்ரோல் அதுவரை ஏறி, வளைவில் அலம்பிக் கசிகிறது. ஹோஸ், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 640 ரூபாய். பின் சீட்டையும் தூக்கிக் காட்டி, "தம்பி, இந்த ஸ்க்ரூவைப் பாருங்க" என்றார். பம்ப் மூடியின் ஸ்க்ரூ எல்லாம் துருவேறி ஒட்டிக் கிடந்தன. யாரும் திறக்கவே இல்லை! அந்த போட்டோ யார் வண்டியுடையதோ.

வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டுக் கேட்டேன். "வெளியில பிரிச்ச வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல சார்." கட்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். ஃபுல் டேங்கில் ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். எப்போது வாடை வருகிறது என்று நீங்கள் சொல்வதைக் காதில் வாங்காதவனிடம் வண்டியை விடாதீர்கள். வாடை வரும் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள், பக்கத்தில் சிகரெட் வேண்டவே வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் கொடுத்துவிட்டேன். துருவேறிய ஸ்க்ரூவைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். என் 18,600 ரூபாய் வரும்வரை விடப்போவதில்லை.