உளுந்துக்கு ரைசோபியம்: பல பருவப் பயன்பாட்டில் தெரிந்தது

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே நெல்லுக்கு ஊடே உளுந்து தெளிப்பார்கள். உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை)ப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்தான் ரைசோபியம். அது வயலுக்குள் போக விதை ஒன்றுதான் வழி.

ஏக்கருக்கு 10 கிலோ விதை. அதற்கு 200 கிராம் ரைசோபியம் ஒரு பொட்டலம், மண்ணிலுள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா ஒரு பொட்டலம். நன்றாக ஆறிய வடிகஞ்சி 400 மில்லி போதும். சூடு இருந்தால் நுண்ணுயிர் செத்துவிடும். கஞ்சி கூடினால் உளுந்தின் மெல்லிய தோல் உரிந்து முளைப்பு கெடும். சாக்கில் கொட்டிக் கையால் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். வெயிலில் காயப்போடுவதும் மறுநாளைக்கு வைப்பதும் காசைக் கரைப்பதுதான்.

பலர் சறுக்குவது பூஞ்சாணக் கொல்லியில். கார்பன்டாசிம் கிலோவுக்கு 2 கிராம் கலப்பதென்றால் அது முதலில். 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம். இரண்டையும் ஒரே கஞ்சியில் கலக்கவே கூடாது. நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

பொட்டலத்தில் பயிரின் பெயரையும் காலாவதி நாளையும் பாருங்கள். சோயாவுக்கான ரைசோபியம் உளுந்துக்கு ஆகாது. தூள் வடிவம் ஆறு மாதம்தான் தாங்கும். கடைக்காரர் தகரக் கூரைக்கு அடியில் யூரியா மூட்டைமேல் அடுக்கி வைத்திருந்தால், தேதி சரியாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பலன் இலையில் உடனே தெரியாது. 30ஆம் நாள் செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி, நீரில் அலசுங்கள். இழுத்தால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். ஆணிவேரை ஒட்டிய முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். அதுதான் தழைச்சத்து பிடிக்கிற முடிச்சு. வெள்ளையாக இருந்தால் இளசு, அல்லது வேலை செய்யாதது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்தது. நெல்லுக்குக் கடைசியாகப் போட்ட யூரியா மண்ணில் மிஞ்சிக் கிடந்தால் முடிச்சு குறையும். தண்ணீர் தேங்கினாலும் அப்படித்தான்.

வருடா வருடம் உளுந்து போடும் வயலில் ஊர் ரைசோபியமே ஓரளவு இருக்கும், வித்தியாசம் சட்டென்று கண்ணில் படாது. முதன்முறை உளுந்து ஏறும் வயலில் கொஞ்சம் இடத்தைக் கலக்காத விதையால் தெளித்துவிட்டு, இரண்டு பக்கத்து வேரையும் தோண்டி ஒப்பிடுங்கள்.