ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் வி12: வாங்கினால் என்னென்ன பார்க்க வேண்டும்

1975 முதல் 1996 வரை கோவென்ட்ரியின் பிரௌன்ஸ் லேன் ஆலையில் தயாரான கார் இது. பிரிட்டனில் விற்பனைக்கு வரும் எக்ஸ்ஜே-எஸ் கூபேக்களை மைலேஜை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள். 5.3 லிட்டர் வி12 நன்றாக உழைக்கும். அதைக் கெடுப்பது சூடு, காரைக் கெடுப்பது துரு.

எஞ்சின் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சுமார் 21 லிட்டர் பிடிக்கும். அது பழசாகிச் சத்திழந்தால் அரிப்பு தொடங்கி, கசடு ரேடியேட்டரின் அடிப்பகுதியில் படிந்து அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் வெப்பமானி முள் அசையாது. நெரிசலில் நின்றதும் ஏறும். தொடர்ந்து சூடேறினால் வால்வு வந்து அமரும் வளையமான வால்வு சீட் ஹெட்டிலிருந்து கழன்று விழும். அப்போது ஹெட்டைக் கழற்றப் போனால் அதைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் அரித்து ஒட்டிக்கொண்டிருக்கும், கூலிதான் எகிறும்.

கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை, சூட்டைக் குறைக்கக் கழற்றிவிடும் வழக்கம் இந்த எஞ்சினில் எதிர்விளைவையே தரும். அது இல்லாவிட்டால் பைபாஸ் வழி மூடாமல் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வந்துவிடும். இரண்டு தெர்மோஸ்டாட்டையும் ஒன்றாக மாற்றுங்கள். கூலன்ட் நிரப்பும்போது காரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்ற வேண்டும். உள்ளே காற்று தங்கினால் புது ரேடியேட்டர் போட்டும் பயனில்லை.

அடுத்தது நெருப்பு அபாயம். எஞ்சினின் V பள்ளத்தில் ஓடும் பெட்ரோல் ஹோஸ்கள் வெப்பத்தில் இறுகி விரிசல் விடும். இஞ்செக்‌ஷன் அழுத்தம் தாங்கும் ஹோஸாகப் பார்த்து அனைத்தையும் மாற்றிவிடுவதே நல்லது. 1989-க்குப் பிந்தைய மரேல்லி இக்னிஷனில் இன்னொரு சிக்கல்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடி அல்லது ரோட்டர் பழுதானால் ஆறு சிலிண்டர் நின்றும் மீதி ஆறில் கார் ஓடும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய்ப் பற்றும். இழுவை குறைந்ததுபோலத் தெரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். முந்தைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் தீப்பொறி நேரத்தை வேகத்துக்கேற்ப முன்னகர்த்தும் அட்வான்ஸ் அமைப்பு, கிரீஸ் காய்ந்து இறுகிவிடும். டைமிங் லைட் வைத்தால் தெரியும்.

ஸ்பார்க் பிளக் பன்னிரண்டு. ஏசி கம்ப்ரெஸருக்கு அடியில் ஒளிந்திருக்கும் முன் பிளக்குகளுக்குக் கை போவது கடினம். சர்வீஸ் ரசீதில் எதை எழுதியிருந்தாலும் அவற்றைக் கழற்றிப் பாருங்கள். 1981-இல் வந்த எச்இ வகை எஞ்சினில் பிளக் முனை இடைவெளி 0.6 மி.மீ.

பின் பிரேக் டிஸ்க்குகள் 1993 வரை சக்கரத்தருகே இல்லாமல், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டியே இருந்தன. அந்தச் சூட்டில் டிஃபரன்ஷியல் சீல் கசிந்து எண்ணெய் டிஸ்க்கில் படும். இதை முறையாகப் பழுதுபார்க்க வேண்டுமானால், இவை பொருந்திய பின் சப்ஃபிரேம் முழுதையும் இறக்க வேண்டியிருக்கும்.

துருவுக்குக் கதவடிச் சட்டம், பின் சஸ்பென்ஷனின் ரேடியஸ் ஆர்ம் பாடியில் பிடிக்கும் இடம், கண்ணாடியின் அடிவிளிம்பு, டிக்கித் தளம் எல்லாவற்றையும் ஜாக்கி போட்டுத் தட்டிப் பாருங்கள். நாற்பது வயது தாண்டிய கார்களுக்குப் பொதுவாக எம்ஓடி என்னும் பிரிட்டனின் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே அண்மைக்கால சோதனைப் பதிவு இல்லாமலே விற்க முடியும். பழைய எம்ஓடி பதிவுகளை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். துரு பற்றிய குறிப்பு அதில் இருந்தால், வெல்டிங் செய்ததற்கு ரசீது கேளுங்கள்.

நகரத்தில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூடக் கிடைக்காது. எத்தனால் அதிகமுள்ள இ10 பெட்ரோலை விட்டு, அது குறைவாக உள்ள இ5 சூப்பர் போடுங்கள். காரைப் பார்க்கப் போகும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவைத்து, போனதும் பானட்டில் கை வைத்து, குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.