பழைய ரோமை யார் படத்தில் பார்ப்பது: மேக்பெர்சனா, பார்க்கரா?

ரோமின் இடிபாடுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் தேடுகிறவர்கள் முதலில் ராபர்ட் மேக்பெர்சனிடம்தான் மயங்குவார்கள். நானும் அப்படித்தான். ஸ்காட்லாந்துக்காரர், ரோமுக்கு வந்து ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தவர், 1850-களின் தொடக்கத்தில் கேமரா பக்கம் திரும்பினார். முட்டை வெண்கரு பூசிய கண்ணாடித் தகட்டில் ஒளி மெதுவாகத்தான் பதியும். கட்டடத்துக்கே பல நிமிடம் ஆகும். வாட்டிகன் சிலைக்கூடங்களின் மங்கலில் மணிக்கணக்கு. அந்தப் பொறுமைக்குப் பலனாகக் கல்லின் சொரசொரப்பு வரை கிடைக்கிறது. ஆனால் நடமாடும் ஆள் யாரும் தகட்டில் தங்குவதில்லை. ஊரே காலியாகிவிட்ட மாதிரி கொலோசியம் தனியாக நிற்கும். அவ்வளவு அழகு! சரி, அந்தச் சுவர் என்ன உயரம், எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டால் படத்தில் பதில் இருக்காது.

அந்தக் கேள்விக்கு ஜான் ஹென்றி பார்க்கரிடம் போகவேண்டும். ஆக்ஸ்போர்டில் புத்தக வியாபாரமும் பதிப்பும் செய்தவர். தானே கேமராவைத் தொடவில்லை. 1864 தொடங்கிப் பத்தாண்டுக்கும் மேலாக ஆள்வைத்துப் படமெடுக்கச் செய்தார். மொத்தம் சுமார் 3,300 படங்கள். பலவற்றில் மண்மேடும் செங்கல்லும்தான். செங்கல்லின் கனம், சாந்தின் பட்டை, ஓர் அடி உயரத்தில் எத்தனை வரிசை: இவற்றை வைத்துச் சுவரின் காலத்தைக் கணிக்கப் பார்த்தார். அதனால்தான் இத்தனை கிட்டத்தில் போய் எடுக்கச் சொன்னார். கேட்டகோம் எனப்படும் நிலத்தடிக் கல்லறைகளுக்குள் கனடாக்காரர் சார்ல்ஸ் ஸ்மீட்டன் மக்னீசியத்தை எரித்து அந்த வெளிச்சத்தில் படமெடுத்தார். மின்விளக்கு பரவாத 1860-களில்!

பார்க்கரின் முடிவுகளை அப்படியே நம்பக்கூடாது. ரோமின் ஆதி மன்னர்கள் கட்டியவை என்று அவர் காட்டிய பலவற்றைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. விளக்கக் குறிப்பைத் தள்ளிவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள், செங்கல் அப்படியே இருக்கிறது. இன்னொரு வருத்தம்: 1893-இல் ஒரு தீவிபத்தில் நெகட்டிவ்கள் எரிந்துபோயின. அச்சிட்ட பிரதிகள்தான் மிச்சம்.

ஓர் இடத்தைச் சட்டென்று தேடிப் பார்க்க மட்டும் என்றால் எர்னஸ்ட் நாஷ் போதும். நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய வழக்கறிஞர். 1960-களின் தொடக்கத்தில் பழைய ரோமைப் பற்றி அவர் வெளியிட்ட பட அகராதியில் ஒவ்வொரு புராதனச் சின்னத்துக்கும் படமும் குறிப்பும் உண்டு.

இருந்தாலும் நான் முதலில் எடுப்பது பார்க்கரைத்தான். கொலோசியத்தை ஒட்டிய கான்ஸ்டன்டைன் பேரரசரின் வெற்றி வளைவுக்குப் பக்கத்தில் மெட்டா சூடான்ஸ் என்ற பழைய நீரூற்றின் செங்கல் தண்டு நின்றது. முசோலினி ஆட்சியில், 1936-இல், அதை இடித்துவிட்டார்கள். இன்று அங்கே அடித்தளம் மட்டும்தான். எழுந்து நின்ற அந்தத் தண்டைப் பார்க்க, இடிப்புக்கு முந்தைய பழைய படங்களுக்குத்தான் போகவேண்டும்.